பென்சிலை எடுத்துக் கொடுத்தவர்கள்

எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவன் எழுதுவதைப் படிக்க உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். மருந்துச் சீட்டும் டிஸ்பென்சரிப் பதிவேடும் தவிர வேறு எதையும் நான் எழுதியதில்லை. நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிடுகிறவன். இப்படிப்பட்டவனை எங்கள் ஊர் மன்றத்து ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னவர்கள் நான் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்து டிஸ்பென்சரியில் இப்போது இருக்கும் பையன்கள். இதில் தப்பு இருந்தால் பாதி அவர்களுடையது.

விஷயம் இதுதான். ஓய்வு பெற்றபின் போன மாதம் என் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தேன். சுவரில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்குத் தலை, கழுத்து, முதுகு, வயிறு என்று மாதக்கணக்கில் வலி இருந்தால் அலட்சியம் கூடாதாம். தூக்கக் குறைவு, கவலை, குனிந்தே உட்கார்ந்திருப்பது, பரீட்சைப் பயம் இவையெல்லாம் காரணமாக இருக்கலாமாம். கீழே யோசனைகள். எட்டு மணி நேரம் தூங்கவும். பழம் சாப்பிடவும். கவலையைத் தவிர்க்கவும். பக்கத்தில் ஆப்பிள் கடிக்கும் ஒரு பிள்ளையின் படம்.

நான் நின்று படிப்பதைப் பார்த்து, கட்டுப் போடும் டிரெஸ்ஸர் பையன் கேட்டான்.

"இன்னாண்ணே, உங்க காலத்துல பசங்களுக்கு இந்த மாதிரி வலியெல்லாம் இருந்துச்சா? இல்ல இப்பதான் புச்சா வந்துச்சா?"

வழக்கம்போல் சிரித்துவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன். இருந்தது தம்பி. அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் நடிப்பு.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையை நீட்ட வேண்டியதில்லை. அப்பா சுரங்கத்தில் இருந்தார். என் மார்பை அளந்து பார்த்துவிட்டு, கீழே இறங்க இந்த அளவு போதாது என்று சொல்லி டிஸ்பென்சரியில் பாட்டில் கழுவ விட்டார்கள். கழுவிய பாட்டிலில் மருந்து ஊற்றக் கற்றேன். பிறகு புண் துடைக்க, கட்டுப் போட, ஊசியைக் கொதிக்க வைக்க. பிறகு டிரெஸ்ஸர் என்று கூப்பிட்டார்கள். இதற்கு ஆறு வருடம் ஆனது. சொல்ல ஆறு வரிகூட ஆகவில்லை.

சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்து சில வருடம் கழித்துப் பெரிய டாக்டர் வந்தார். சின்ன டாக்டர் என்று எங்களிடம் யாரும் இருந்ததில்லை. இருந்தாலும் அவர் பெரிய டாக்டர்தான். பட்டணத்தில் படித்தவர். காலை ஏழரைக்கு வருவார். வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவுவார். அதன்பின் யாரையும் தொடமாட்டார் என்பதால் போகும்போது கழுவ வேண்டிய அவசியம் இருக்காது.

அவருடைய மேசை மூன்று பக்கமும் பலகை அடைத்தது. அவர் உட்கார்ந்தால் எதிரில் நிற்கிறவரின் இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. மேசையின் பக்கவாட்டில், பதிவேடும் கையுமாக என் இடம். அங்கிருந்து எனக்கு எல்லாம் தெரியும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

அவரிடம் ஒரு பென்சில் உண்டு. ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். நோயாளியின் சீட்டுக்கு டிக்கட் என்று பெயர்; அதிலிருக்கும் எண்ணையும் பெயரையும் நான் வாசிப்பேன். ஆள் உள்ளே வந்து நிற்பார். பெரிய டாக்டர் ஜன்னல் வழியாக, தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண்ணான சயனைடு மேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

"எங்கே வலி?"

"இடுப்புங்க தொரை."

"எத்தனை நாளா?"

"பத்து நாளாங்க."

அந்தச் சமயம் அவர் முழங்கை கொஞ்சம் அசையும். பென்சில் உருண்டு நோயாளியின் பக்கம் தரையில் விழும். அவர் பார்க்காதவர்போல் மேசைமேல் இருக்கும் தன் பதிவேட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டுவார். பக்கம் புரண்டு முடிவதற்குள் ஆள் குனிந்து பென்சிலை எடுத்துக் கொடுத்துவிட்டால், அதைக் கையில் வாங்கிச் சிவப்பு முனையால் டிக்கட்டில் கோடு போடுவார். உடம்பில் ஒன்றுமில்லை, வேலைக்குப் போகலாம் என்று அர்த்தம். ஆள் எடுக்காமல் நின்றால் "டிரெஸ்ஸர்" என்று என்னைக் கூப்பிடுவார். நான் எடுத்துக் கொடுப்பேன். நீல முனையால் எழுதுவார். லீவு, அல்லது சுரங்கத்துக்குள் இறங்காமல் மேலேயே லேசான வேலை. அவர் கூப்பிடும்வரை நான் பென்சிலைத் தொடக்கூடாது. என் பதிவேட்டில் இதற்கென்று நானே ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டேன். 'எடுத்தார்', 'எடுக்கவில்லை' என்று அதில் எழுத வேண்டும்.

வந்த முதல் வாரமே அவர் எனக்கு விளக்கினார். "வலி இருக்கிறவன் குனிய மாட்டான். குனியறவனுக்கு வலி இல்லை. இதுக்கு எதுக்கு எக்ஸ்ரே?"

எனக்கு அது பெரிய மூளையாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஆபிசர் பொருள் கீழ வுழுந்தா யாருதான் எடுக்க மாட்டாங்க? செத்தவன்கூட எழுந்து எடுத்துக் குடுத்துட்டு மறுபடி படுத்துப்பான்."

எனக்குக் கோபம் வந்தது. படிக்காதவளுக்கு வைத்தியம் என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஐந்தாவது, நான் எட்டாவது.

முனுசாமி என்று ஒருவர் சுரங்கத்தில் கூரை சரியாமல் மரம் கொடுத்துக் கட்டும் வேலை பார்த்தார். ஒரு கட்டை சரிந்து விலாவில் அடித்திருந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் முகம் கோணும். பென்சில் விழுந்தது. மனிதர் பதறிப்போனார். ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, முட்டி போட்டு இறங்கி, எடுத்து, வேட்டியில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டி, "இந்தாங்க தொரை" என்றார். சிவப்புக் கோடு விழுந்தது. அந்த வாரம் முழுக்க அவர் வேலையைக் கூட்டாளிகள் செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

சின்னப்பன் என்று இன்னொருவர். வேலூர்ப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம். அறுப்புக் காலம் வந்தால் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். பென்சில் விழுந்தால் அதைக் கருணையோடு பார்ப்பார். "ஐயோ, வுழுந்துடுச்சே தொரை, என்னால குனிய முடியலியே" என்பார். பத்து நாள் நீலம். வெளியே வந்து வரிசையில் நிற்பவர்களிடம் சொல்வார்.

"இன்னா மேஸ்திரி, நீ எடுத்துக் குடுத்தியா? உன்னைப் பெத்தவங்க ரொம்ப மரியாதையா வளத்துட்டாங்க. போ, கேஜ்ல ஏறிக் கீழ எறங்கு."

நடிக்கிறவர்கள் ஒரே மாதத்தில் பென்சிலைக் கற்றுக்கொண்டார்கள். உண்மையில் வலித்தவர்கள்தான் கடைசிவரை எடுத்துக் கொடுத்தார்கள். தொழிலாளர் குடியிருப்பான லைன் முழுக்க இது தெரியும். பெரிய டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், சொல்லவில்லை. சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்து, "சார், டிங்சர் தீர்ந்துபோச்சு" என்று சொல்லி மூடிக்கொண்டேன்.

அறுபதுகளின் நடுவில் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். பதினான்கு, பதினைந்து, பதினாறு வயது. அதற்கு முன்னால் பிள்ளைகள் என்றால் சிரங்கு, பேதி, கீழே விழுந்த கை. இவர்களோ கழுத்து என்பார்கள், முதுகு என்பார்கள், பள்ளிக்கூடம் கிளம்பும்போது வயிறு என்பார்கள். தடவிப் பார்த்தால் வீக்கம் இல்லை. ஜுரம் இல்லை. ஏபிசி என்ற வலி மாத்திரை கொடுத்தால் இரண்டு மணி நேரம் தாங்கும். அடுத்த வாரம் அதே முகம்.

பெரிய டாக்டருக்குச் சிரிப்பு வரும். "அண்டர்கிரவுண்டே போகாதவனுக்கு முதுகுவலி எங்கேயிருந்து வரும்?" என்பார். பென்சில் விழும். நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவேண்டுமா, பாய்ந்து எடுத்துக் கொடுப்பார்கள். சிவப்பு. பிள்ளைகளுக்கு லீவு, லேசான வேலை என்று எதுவும் கிடையாது என்பதால் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் 'நடிப்பு' என்று இங்கிலீஷில் எழுதுவார். அதை நான் தமிழில் அம்மாக்களுக்குச் சொல்ல வேண்டும். "ஒண்ணுமில்லம்மா, பரீட்சைக் காய்ச்சல்" என்று நானும் இளித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். வெளியே போனதும் அம்மாக்கள் பிள்ளைகளின் முதுகில், வலிக்கிறது என்று சொன்ன அதே இடத்தில், ஒன்று வைப்பார்கள். இதுவும் எங்கள் சிகிச்சையில் சேர்த்தி.

பிலோமினா வந்தது அப்படி ஒரு ஜூலையில். பதினாறு வயது. எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். ஸ்கெலட்டன் லைனில் வீடு. அப்பா அந்தோணி சுரங்கத்தில். வீட்டில் மூத்தவள். பாஸ் செய்தால் டீச்சர் பயிற்சிக்கு அனுப்புவதாக அப்பா முடிவு செய்திருந்தார். கல் தூசியால் வரும் சுரங்க இருமல் அவருக்குத் தொடங்கியிருந்தது; அடுத்துச் சம்பாதிக்க வேண்டியவள் அவள்தான். அதனால் அந்த முடிவு அந்த வீட்டில் முடிவாகவே இருந்தது. அவள் அம்மா அருளம்மாதான் கூட்டிவந்தார்.

பின்னந்தலையில் தொடங்கிக் கழுத்து, இரண்டு தோள், முதுகு நடு வரைக்கும் வலி. சில நாள் கழுத்தே திரும்பாது. பென்சில் விழுந்தது. டாக்டருக்குப் பலகை மறைத்தது. நான் பார்த்தேன். அந்தப் பெண் கழுத்தை வளைக்கவேயில்லை. மேசைக் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முதுகை நேராக வைத்து, கிணற்றில் இறங்குவதுபோல் முட்டியை மடக்கி இறங்கினாள். கையால் தரையைத் துழாவினாள். உதடு வெளுத்துவிட்டது. எழுந்து, மூச்சு விட்டு, பென்சிலை நீட்டினாள். டாக்டருக்குத் தெரிந்தது பென்சில் திரும்பி வந்தது மட்டும். நான் கட்டத்தில் 'எடுத்தார்' என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

நான்கு மாதத்தில் அவள் எட்டு முறையோ ஒன்பது முறையோ வந்தாள். ஒவ்வொரு முறையும் சிவப்பு. வெள்ளை லினிமென்ட் தைலம் ஒரு பாட்டில் கொடுப்போம். தேய்க்கும் விதத்தைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பெண்பிள்ளை என்பதால் திரைக்கு அப்பால் அம்மா தேய்ப்பார். திரைக்கு இப்பால் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு நான் சொல்வேன்.

ஒருநாள் அருளம்மா திரைக்குள்ளிருந்து சொன்னார். "அண்ணா, இது இன்னாண்ணா, தோளு கல்லாட்டம் இருக்குது. என் கைதான் வலிக்குது."

"தோளைத் தளர விடச் சொல்லும்மா."

"தளர விட்றீ."

"வுட்டுட்டுத்தாம்மா இருக்கறேன்" என்றாள் பெண்.

முகம் தெரியாமல் பேசுவது எனக்குச் சுலபம். அதனால் கேட்டேன். "எப்பம்மா ரொம்ப வலிக்கும்?"

"நைனா சுரங்கத்துல கீழ இருக்கறப்போ, மாமா."

"வலியே இல்லாத நாள் உண்டா?"

"நைனாவுக்கு லீவு நாள்ல இருக்காது. அன்னிக்கு நல்லா தூங்குவேன்."

"மத்த நாள்ல தூக்கம் வராதா?"

"நைனா ராத்திரி ஷிஃப்டுக்குப் போனா தூங்க மாட்டேன் மாமா. நேரம் தப்பி சங்கு ஊதுனா கேக்கணுமில்ல? எல்லாரும் தூங்கிடுவாங்க. யாராச்சும் ஒருத்தர் கேட்டுக்கினு இருக்கணும்."

அருளம்மா தேய்ப்பதை நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் இது புதுச் செய்தி போலும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஷிஃப்ட் மாறும் நேரத்துக்குச் சங்கு ஊதினால் அது கடிகாரம். மற்ற நேரத்தில் ஊதினால் கீழே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. சில நாள் கீழே பாறை வெடித்து நிலம் அதிரும். அலமாரியில் தட்டு நகரும். அப்போது லைனில் எல்லோருமே தோளைத் தூக்கிக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு சங்குக்காகக் காதைத் தீட்டுவோம். ஊதாவிட்டால் தோள் இறங்கிவிடும். இந்தப் பெண்ணுக்குத் தோள் இறங்கவேயில்லை. அவ்வளவுதான் நோய். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதமும் ஒரு திரையும் தேவைப்பட்டன.

அந்த வாரம் லினிமென்ட் தீர்ந்து, புது ஸ்டாக் வந்ததும் நானே கொடுக்கலாம் என்று ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்குப் போகும் வழியை விட்டு ஸ்கெலட்டனுக்குப் போனேன். பகல் மூன்று மணி. ஒற்றை அறை, மூங்கில் தட்டிச் சுவர். ராத்திரி ஷிஃப்ட் முடித்த அந்தோணி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். அருளம்மா வாயில் விரலை வைத்து என்னை வரவேற்றார். சின்னப் பிள்ளைகள் இரண்டும் கையாலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கிள்ளல் உண்டு, சத்தம் இல்லை. அன்று உடம்பு சரியில்லை என்று பள்ளிக்குப் போகாத பிலோமினா, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடத்தில் காலை மடக்கி உட்கார்ந்து, டிரங்குப் பெட்டி மூடிமேல் நோட்டை வைத்து, மூக்கு தாளில் படும்படி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கம் திருப்பும்போது சத்தம் வராமல் இருக்க விரலை எச்சில் தொட்டு மெல்லப் புரட்டினாள். விடியற்காலை நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். இரண்டு குடம் அவள் கணக்கு. எட்டு மணி நேரம் தூங்கவும், கவலையைத் தவிர்க்கவும் என்று தாள் அடித்தவர் ஒரு வாரம் அந்த ஒரு முழ இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அடித்திருக்கலாம். ஆப்பிளும் கொண்டுவரட்டும்.

நான் அவள் சொன்னதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதினேன். லீவு நாளில் வலி இல்லை, ஷிஃப்ட் நாளில் வலி, தூக்கம் இல்லை, உட்காரும் இடம் இப்படி. நாலு தடவை திருத்தி எழுதி, டாக்டரின் மேசையில் வைத்தேன். படித்தார். எழுத்துப்பிழை ஒன்றை நீலப் பென்சிலால் திருத்தினார்.

"நீ எத்தனாவது படிச்சே?"

"எட்டாவதுங்க சார்."

"அப்போ எட்டாவது படிச்சவன் வேலையைப் பார். லீவு நாள்ல வலி இல்லைன்னு நீயே எழுதியிருக்கியே. நிஜ வலிக்குக் காலண்டர் தெரியுமா?"

சீட்டை மடித்து ஆடும் மேசைக் காலுக்கு முட்டுக் கொடுக்கச் சொன்னார். நான்தான் குனிந்து வைத்தேன். என் இடுப்பு நன்றாக இருந்தது.

ஜனவரியில் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. வராத நாட்கள் அதிகம். டாக்டர் சான்றிதழ் இருந்தால் பரீட்சைக்குப் பெயர் அனுப்புவார்கள். சனிக்கிழமைக்குள் வராவிட்டால் அனுப்ப மாட்டார்கள். அருளம்மா கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். டாக்டர் படித்துவிட்டு, "வியாழக்கிழமை கூட்டிட்டு வா, செக் பண்றேன்" என்றார். செக் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா. ஒன்பது தடவை எடுத்துக் கொடுத்தவள் பத்தாம் தடவையும் எடுத்துக் கொடுப்பாள். டீச்சர் பயிற்சியும் அந்தோணியின் முடிவும் எல்லாம் ஒரு சிவப்புக் கோட்டோடு போய்விடும்.

வியாழக்கிழமை காலை வராந்தாவில் அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"உள்ளே டாக்டர் பென்சில் கீழே விழும். எடுக்காதேம்மா."

"டாக்டருதா மாமா? பாத்துக்கினு சும்மா நிக்கணுமா?"

"நிக்கணும்."

அருளம்மாவுக்குப் பயம். "தப்பா நெனச்சுக்குவாரேண்ணா. சர்டிபிகேட் குடுக்கறவரு."

"எடுக்காட்டித்தான் குடுப்பாரு."

"இன்னாண்ணா இது. எந்த ஊரு ஞாயம்?"

உள்ளே போய் டிக்கட்டை எடுத்துப் பெயரை வாசித்தேன்.

வந்து நின்றாள். அம்மா பின்னால். டாக்டர் சயனைடு மேட்டைப் பார்த்தார். எங்கே வலி, எத்தனை நாளா. பென்சில் உருண்டது. அவள் கால் விரலுக்கு முன்னால் விழுந்தது. டாக்டர் பக்கத்தின் மூலையைப் பிடித்தார்.

அவள் நின்றாள். கண் மட்டும் பென்சில்மேல். நெற்றியில் வேர்த்தது. ஒரு பெரிய மனிதரின் பொருள் தன் காலடியில் கிடக்க, நிமிர்ந்து நிற்பது அவளுக்கு அந்தக் கழுத்து வலியைவிடக் கஷ்டமாக இருந்தது என்று பக்கவாட்டில் நின்ற எனக்குத் தெரிந்தது. பக்கம் பாதி புரண்டது. பின்னாலிருந்து அருளம்மா பொறுக்கமாட்டாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, "எட்றீ" என்றார். அவள் கை மேசைக் காலைத் தேடியது. முட்டி மடங்கியது.

நான் குனிந்து பென்சிலை எடுத்தேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "உன்னைக் கூப்பிட்டேனா?"

"இல்லீங்க சார்."

"பின்னே?"

"கீழே கிடந்துச்சுங்க."

வாங்கி மேசைமேல் வைத்தார். முழங்கை அசைந்தது. விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் முகம் சிவந்தது. மூன்றாம் முறை முழங்கைக்கு அவசியம் இல்லாமல் கையாலேயே தள்ளினார். அது கதவுப் பக்கம் ஓடியது. நானும் போய் எடுத்தேன். வாசலில் வரிசையில் முதல் ஆளாக நின்ற சின்னப்பன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுப்புக் காலம்.

"டிரெஸ்ஸருக்கு இடுப்பு நல்லாருக்குது தொரை" என்றார். "செவப்பு போட்டு அனுப்புங்க."

வராந்தா சிரித்தது. பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, அது உருளாமல் இருக்கப் பதிவேட்டை அணைத்து வைத்தேன்.

பெரிய டாக்டர் சும்மா உட்கார்ந்திருந்தார். பென்சில் விழாவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அத்தனை படிப்பில் அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. கடைசியில் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். அவர் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்தது அதுதான் முதல். இரண்டு விரலை அவள் தோளில் வைத்து அழுத்தினார். அவள் கத்தவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கியது. அடுத்த தோளிலும் வைத்துப் பார்த்தார்.

"இதென்ன இப்படி இறுகியிருக்கு?" என்றார் யாரிடமோ. "எப்போ வலிக்கும்?"

"நைனா கீழ இருக்கறப்போங்க சார்."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

கேட்டவர் உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சுரங்கத்து டிஸ்பென்சரியில் ஏழு வருடம் உட்கார்ந்த மனிதர்.

போய் உட்கார்ந்து சான்றிதழ் எழுதினார். நோயின் பெயர் 'தசை வாதம்'. அவளுக்கு வாதம் இல்லை. ஆனால் படிவத்தில் ஏதாவது ஒரு பெயர் வேண்டும், சங்குக்குக் காத்திருப்பது என்று எழுத இடம் கிடையாது. அருளம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கும்பிட்டார். அவர்கள் போனதும் டாக்டர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நாளையிலேர்ந்து நீ மாரிகுப்பம் ஷாஃப்ட் வாய்ல இருக்கிற முதலுதவி ரூமுக்குப் போ. இங்கே உன்னால தொந்தரவு."

மூன்று தடவை குனிந்ததை நான் வீரமாகச் சொல்லவில்லை. அதற்குமுன் ஏழு வருடம் பக்கவாட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, அழகான கையெழுத்தில் 'எடுத்தார்', 'எடுத்தார்' என்று எழுதியவனும் நான்தான். அந்தப் பதிவேடுகள் எங்காவது இருக்கும். அவற்றில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்று நான் எண்ணியதில்லை, எண்ணப் போவதுமில்லை. இப்போது சுவரில் தாள் ஒட்டுகிறீர்கள், நல்லது. ஒட்டிவிட்டு, பிள்ளைகளின் தோளையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அவர்கள் வீட்டில் யார் எந்த ஷிஃப்ட் என்றும் கேளுங்கள். எட்டாவது படித்தவன் சொல்வது இவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் மாரிகுப்பத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அருளம்மா சான்றிதழைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தார், பெயரை அனுப்புவதாகச் சொன்னார்கள். அந்தோணிக்கு அன்று பகல் ஷிஃப்ட். பிலோமினா கழுத்து திரும்பாமல் வீட்டில் படுத்திருந்தாள்.